படிக்காமல் விட்ட வரி

அக்காவுக்கு வராத வியாதி ஒன்றே ஒன்றுதான், மறதி. மற்றதெல்லாம் வந்து போயின, சிலது வந்து தங்கிவிட்டன.

அவள் என்னோடு கூடப் பிறந்தவள் அல்ல. கொட்டகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளின் கடைசி அறையான தொங்கல் காம்பராவில் தனியாக இருந்தவள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள் என்பதால் அக்கா. தோட்டத்தில் பாதிப் பேர் அவளை இருமல்காரி என்றுதான் சொன்னார்கள். அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. நாலு பேர் அந்தப் பெயரைச் சொல்லித் தன்னைக் கூப்பிட வேண்டும் என்பதில் அவளுக்கு அப்படி ஓர் ஆசை. அதனால்தான் அதை இங்கே எழுதாமல் விடுகிறேன். அவள் எனக்குச் செய்ததற்கு நான் திருப்பிச் செய்ய முடிந்தது இது ஒன்றுதான்.

அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிய வேண்டுமானால் பஸ் கதையைச் சொல்ல வேண்டும். ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போகிற பஸ் ஒன்றில் ஒரு தரம் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அவள் இருமல் நம் இருமல் மாதிரி தொண்டையோடு முடிகிற இருமல் இல்லை. அடிநெஞ்சில் கடகடவென்று உருண்டு, மேலே வந்து, திரும்பக் கீழே போய், மறுபடி வரும். கண்டக்டர் மணியடித்துப் பாதி வழியில் அவளை இறக்கிவிட்டான். நல்ல மழை. நனைந்துகொண்டே வீடு வரை நடந்து வந்தாள். அதற்குப் பிறகு ஒன்பது வருசம் அவள் அந்த பஸ்ஸில் ஏறவில்லை.

ஏறாமல் இருந்தால் பரவாயில்லை. அந்த பஸ் வருகிற நேரம் பார்த்து ஹோல்ட்டுக்கு வந்து நிற்பாள். பஸ் நிற்கும். அவள் கண்டக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள், ஏற மாட்டாள். பஸ் போன பிறகு முக்கால் மணி நேரம் காத்திருந்து அடுத்ததில் போவாள். ஒரு நாள் என் கைக்குழந்தையோடு நானும் அவளோடு மாட்டிக்கொண்டேன்.

"அக்கா, புள்ள நனையுது. ஏறிருவோம்க்கா."

"நீ ஏறு. நான் ஏற மாட்டேன்."

"நீங்க ஏறாட்டி அந்த பஸ்ஸுக்கு என்ன நட்டம்?"

"ஒரு நட்டமும் இல்ல. ஆனா அவனுக்குத் தெரியும்."

நான் கண்டக்டரைப் பார்த்தேன். அவனுக்கு உண்மையாகவே தெரிந்திருந்தது. வயசாகித் தலை நரைத்த மனிதன், அவளைக் கண்டதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அக்கா மழையில் நனைந்துகொண்டு சந்தோசமாகச் சிரித்தாள். அவளுடைய பழிவாங்கல் எல்லாமே இப்படித்தான், முதல் அடி அவள் மேலேயே விழும். அதைப் பற்றி அவளுக்குக் கவலையே கிடையாது.

காலையில் அவள் எழும்புவது எங்கள் லயம் முழுவதற்கும் தெரியும். கட்டிலின் கால்மாட்டில் இரண்டு கல்லை வைத்து உயர்த்தி, தலையைக் கீழே தொங்கவிட்டுக் குப்புறப் படுத்து இருமுவாள். பக்கத்தில் ஒரு பழைய பால்மா டின். அரை மணி நேரத்தில் டின்னில் பாதி நிறையும். கேட்க அருவருப்பாகத்தான் இருக்கும், ஆனால் அவள் அதைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துவிட்டுப் பார்ப்பாள். மேலே நுரை, நடுவில் தண்ணீர், அடியில் கெட்டியாக மஞ்சள். மூன்று தட்டாகப் பிரிந்து நிற்கும். மஞ்சள் என்றால் வேலைக்குப் போவாள். பச்சை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போவாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் எந்த நிறத்துக்கும் ஒரே மருந்துதான், போத்தலில் ஊற்றிக் கொடுக்கிற சிவப்புப் பாணி. அந்தப் பாணிப் போத்தல்களைக் கழுவி ஜன்னலில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டால், "மருந்து குடுத்த ஆளு ஒரு நாளைக்கு இந்தப் பக்கம் வருவாரு. அவருக்குக் காட்டணும்" என்பாள். அவர் வரவில்லை. போத்தல்கள் கடைசி வரைக்கும் அங்கேயே இருந்தன.

மலையில் கொழுந்து எடுக்கும்போதும் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அப்போது கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கட்டியிருக்கும் படங்குச் சாக்கை விரித்து, சரிவில் தலை கீழ்ப்பக்கமாக, கால் மேட்டுப் பக்கமாகப் படுத்துவிடுவாள். எங்கள் மலைதான் சரிவுக்குப் பஞ்சமில்லாத மலையாயிற்றே. பத்து நிமிசத்தில் சளி இறங்கி வந்துவிடும், துப்பிவிட்டு எழும்பிக் கொழுந்து எடுப்பாள். யாரும் சொல்லிக் கொடுத்துச் செய்தது இல்லை. பிற்காலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் இதையே வைத்தியம் என்று சொல்லிக் கொடுத்தபோது, "இத எனக்கு மலையே சொல்லிக் குடுத்திருச்சு" என்றாளாம். ஆனால் எங்கள் கங்காணி அவள் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தூங்குகிறாள் என்று அரைப்பேர் போட வைத்தான். பாதி நாள் வேலை செய்ததாகக் கணக்கு. அதைக்கூட அவள் பெரிதாக எடுக்கவில்லை. பெரிதாக எடுத்தது சிரட்டையைத்தான்.

அதைச் சொல்ல நான் என்னையும் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, மூன்று மாசக் கர்ப்பம். வாந்தியும் மயக்கமுமாகச் சரிவில் நிற்க முடியவில்லை. எங்கள் கங்காணி இரக்கப்பட்டு எனக்குப் பத்து மணித் தேத்தண்ணி வேலையைக் கொடுத்தான். மலையிலேயே கல் அடுப்பு மூட்டி, பெரிய கேத்தலில் சாயம் கொதிக்க வைத்து, எல்லோருக்கும் ஊற்ற வேண்டும். முப்பது பெண்களுக்கு ஆறு கோப்பைதான். ஒருத்தி குடித்து முடித்ததும் அலசி அடுத்தவளிடம் கொடுப்பாள். அந்த ஆறு கோப்பையில்தான் எங்கள் ஒற்றுமை எல்லாம் இருந்தது. யார் வீட்டில் சண்டை என்றாலும் பத்து மணிக்குக் கோப்பை கை மாறித்தான் ஆக வேண்டும்.

ஒரு நாள் அக்கா பாதையில் துப்பியதில் கொஞ்சம் இரத்தம் தெரிந்திருக்கிறது. பார்த்தவள் சொல்ல, மத்தியானத்துக்குள் தோட்டம் முழுவதும் சயரோகம் என்று ஆகிவிட்டது. மறுநாள் பத்து மணிக்கு அக்கா கோப்பைக்குக் கை நீட்டினாள். கங்காணி வந்து அந்தக் கோப்பையை வாங்கிவிட்டு, கீழே கிடந்த ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"இனிமே இவளுக்கு இதுல ஊத்து."

சிரட்டையில் ஊற்றுவது என்றால் எங்கள் ஆட்களுக்கு என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் பாட்டன் பூட்டன் எந்த ஊரில் யார் வீட்டுப் பின்னால் நின்று சிரட்டையில் வாங்கிக் குடித்தார்களோ, அதையெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு வந்ததாகத்தான் நினைத்திருந்தோம். முப்பது பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் ஊற்றினேன். வயிற்றில் பிள்ளை இருக்கிறது, நோய் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். அந்தப் பயம் பொய் இல்லை.

அவள் அந்தச் சிரட்டையைத் தட்டிவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ வாங்கி, நின்ற இடத்திலேயே, கங்காணியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் குடித்தாள். ஐந்து மாசம் தினமும் அப்படித்தான் குடித்தாள். ஏன்க்கா குடிக்கிறீங்க என்று ஒரு நாள் மெல்லக் கேட்டேன்.

"நான் குடிக்காம விட்டா அவரு மறந்துருவாரு. குடிச்சாத்தான் அவருக்கு ஞாபகம் இருக்கும்."

அந்த ஐந்து மாசத்துக்குள் அவள் தனியாகவே நுவரெலியாவுக்குக் கிளினிக் போய் வந்தாள். மூன்று தரம் சளி பார்த்தார்கள், சயரோகக் கிருமி இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ஒரு சிங்களப் பொம்பளைப் பிள்ளை, படம் வரைந்து காட்டியதை ஒரு தமிழ் நர்ஸ் விளங்கப்படுத்தியிருக்கிறாள். அக்கா வந்து அதை எனக்குச் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது.

"நம்ம லயத்துக் கான் இருக்குல்ல, அது மாதிரியாம். கரை இடிஞ்சு அகண்டு போச்சுன்னா தண்ணி ஓடாது, தேங்கி நிக்கும். தேங்குனா அழுகும். நெஞ்சுக்குள்ள குழாயெல்லாம் எனக்கு அப்புடி அகண்டு போச்சாம். திருப்பிக் கட்ட ஏலாது. தெனமும் அள்ளிக் கொட்டிக்கிட்டே இருக்கணும். அள்ளுனா ரொம்ப நாளைக்கு இருக்கலாமாம்."

நோயின் பெயரை ஒரு துண்டில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்திருந்தாள். ப்ரொங்கியெக்டாசிஸ். வாயில் நுழையாத அந்தப் பெயரை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்வாள். சின்ன வயசில் கக்குவான் இருமலும் சளிக் காய்ச்சலும் வந்து சரியாகப் பார்க்காமல் விட்டதால் வந்திருக்கும் என்றார்களாம். உடனே அவள் விசாரித்தது, அந்தக் காலத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்தில் ஆயாவாக இருந்தது யார் என்றுதான். அந்த ஆயா செத்து இருபது வருசம் ஆகிவிட்டது என்று தெரிந்ததும் அவள் முகம் வாடிப்போனது. இப்படி ஒருத்தியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நர்ஸ் தமிழில் எழுத, டாக்டர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திய ஒரு கடிதமும் கொண்டு வந்திருந்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நான் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை வரைக்கும் போனவள்.

"நாளைக்குப் பெரட்டுல எல்லாரும் நிக்கறப்ப நீ இத வாசிச்சுக் காட்டு தங்கச்சி. ஒரே ஒரு தடவ. எனக்கு அது போதும்."

காலையில் எல்லோரும் வேலைக்குக் கணக்குக் கொடுக்கக் கூடும் இடம்தான் பெரட்டுக் களம். மறுநாள் பனியில் எல்லோரும் படங்கைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் எட்டு மாச வயிற்றோடு முன்னால் போய்ப் படித்தேன். அவள் பெயர், பிறகு அவளுக்குச் சயரோகம் இல்லை என்ற வரி, பிறகு குழாய்கள் விரிந்து சளி தேங்கும் நோய் என்ற வரி, பிறகு தினமும் சளியை வெளியேற்ற நேரம் கொடுக்க வேண்டும் என்ற வரி. இன்னும் ஒரு வரி இருந்தது. கங்காணி அந்த நேரம் பார்த்துக் கையைத் தட்டினான்.

"போதும் போதும். காயிதத்துல என்ன வேணும்னாலும் எழுதலாம். நெரைக்குப் போங்க." என் பக்கம் திரும்பி, "ஏ புள்ள, தேத்தண்ணி வேல வேணுமா, கூடை வேணுமா?" என்றான்.

படிக்க நேரம் இருந்தது. ஒருத்தரும் நகரவில்லை, எல்லோரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்று சொல், ஒரு மூச்சு. நான் கடிதத்தை மடித்து அவளிடம் கொடுத்துவிட்டேன்.

அந்த வரியைத்தான் அவளுக்கு நர்ஸ் இரண்டு தரம் படித்துக் காட்டியிருந்தாள். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடிதத்தை வாங்கி ரவிக்கைக்குள் வைத்தாள். பத்து மணிக்கு என்னிடம் வந்து அந்தச் சிரட்டையைக் கேட்டு வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு தனியாகப் போத்தலில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். கங்காணி அவளுக்குக் கொழுந்து எடுக்க எப்போதும் கடைசி நிரையையே கொடுத்தான். அவளைக் கல்யாண வீட்டுச் சமையலுக்கு ஒருத்தரும் கூப்பிடவில்லை. என் பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்று கானுக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு கிலுகிலுப்பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். இப்படி ஆறு வருசம்.

வேறு யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது, படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவள் கேட்கவில்லை. இதுவும் பஸ் கதைதான். விட்ட வாய்தான் படிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, ஆறு வருசம் மழையில் நின்றாள்.

இதெல்லாம் எனக்கு அப்போது விளங்கவில்லை. என்னிடம் அவள் அவ்வளவு அன்பாக இருந்தாள். கிளினிக்கில் அவளுக்கு முதுகில் தட்டிச் சளி இறக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தனக்குத் தானே தட்டிக்கொள்ள முடியாதே. பிள்ளை பிறந்த கொஞ்ச நாளில் நானே போய்த் தட்டிவிடுகிறேன் என்றேன். ஏன் போனேன்? அந்தக் கடைசி வரி எனக்குத் தெரியும், அதனால்தான். பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போவதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, விடிகிற நேரத்தில் அவள் காம்பராக் கதவைச் சாத்திக்கொண்டு தட்டுவேன். உள்ளங்கையைக் குவித்து, விலாவின் அடியிலிருந்து மேலே, வலப்பக்கம் கொஞ்சம் அதிகமாக. முதுகு அதிரும், உள்ளே சளி கலகலக்கும். அவள் விரல் நுனிகள் உருண்டு வீங்கி, நகம் வளைந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆறு வருசம் நான் அவள் நெஞ்சின் சத்தத்தைக் கேட்டேன். வெளியே லயத்து ஆட்கள் முன்னால் நானும் எல்லோரையும் போல நாலடி தள்ளித்தான் நிற்பேன்.

"இன்னும் பலமா தட்டு புள்ள. ஒனக்குக் கோவமே வராதா?" என்பாள் குப்புறப் படுத்தபடி.

"யாரு மேலக்கா கோவம்?"

"யாரு மேலயாவது வையி. அப்பத்தான் கையில பெலன் வரும்."

அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அக்காவா மறப்பாள்? எனக்கு எங்கே போயிற்று புத்தி?

பிறகு கங்காணிக்கு வந்தது. முதலில் சாயங்காலக் காய்ச்சல், பிறகு உடம்பு வற்றியது, பிறகு இரத்தம். இந்தத் தரம் நிஜமாகவே சயரோகம். இரண்டு மாசம் ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து கொடுத்து, சளியில் கிருமி இல்லை என்று பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னும் நாலு மாசம் தினமும் மாத்திரை விழுங்க வேண்டும், அதை ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். லயத்துக்கு வந்த மனிதனுக்கு அவன் மருமகள் விறகுக் கொட்டிலில் பாயைப் போட்டுவிட்டாள். அவனோடு பேசுகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார்கள். சுகாதாரப் பரிசோதகர் வந்து, மாத்திரை கொடுக்க யார் பொறுப்பு எடுப்பீர்கள் என்று கேட்டபோது லயத்தில் ஒருத்தரும் முன்வரவில்லை.

"நான் குடுக்கிறேன்" என்றாள் அக்கா, கடைசியிலிருந்து.

அவர் தயங்கினார். "ஒங்களுக்கும் நெஞ்சு சரியில்ல தானே அக்கா? இது நல்லா இல்ல."

"அவருகிட்ட கிருமி இல்லன்னு நீங்கதானே மாத்தயா சொல்றீங்க? மாஸ்க் போட்டுக்கிறேன். வெளிய காத்துல வச்சுத்தான் குடுப்பேன். வேணும்னா எங்க கிளினிக் டாக்டரக் கேளுங்க."

அவர் கேட்டுவிட்டு வந்து சரி என்றார். மறுநாள் காலை, லயத்துப் பெண்கள் எல்லோரும் குடத்தோடு நிற்கிற பீலியடிக்கு அவள் கங்காணியைக் கூப்பிட்டாள். உள்ளங்கையில் மாத்திரை. இன்னொரு கையில் ஆறு வருசம் எண்ணெய் பூசிப் பத்திரமாக வைத்திருந்த சிரட்டை.

"தங்கச்சி, தேத்தண்ணிய இதுல ஊத்து" என்றாள் என்னைப் பார்த்து.

நான் ஊற்றினேன். இரண்டாவது தரமும் நான்தான் ஊற்றினேன். கங்காணி சிரட்டையைப் பார்த்தான், அடையாளம் தெரிந்துகொண்டான்.

"மாத்திரையப் போட்டுக் குடிங்கண்ணே" என்றாள் அவள், மிகவும் மரியாதையாக.

அவன் குடித்தான். அவள் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு அட்டையில் அடையாளம் போட்டாள். இப்படித் தினமும். ஒரு நாள் தவறவில்லை. பச்சைச் சளி வந்து காய்ச்சலில் நடுங்கிய நாளிலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

ஒரு மாசம் கழித்து அவன் கெஞ்சினான். "எனக்கு இப்ப ஒட்டாதுன்னு ஒனக்குத் தெரியும் தானே? நீ ஒரு வார்த்த இவங்ககிட்ட சொல்லு. ஒஞ்சொல்லக் கேப்பாங்க. பேரப்புள்ளையத் தூக்க விட மாட்டேங்கறாங்கம்மா."

அவன் சொன்னது சரிதான். மாத்திரை கொடுக்கத் தொடங்கிய பிறகு லயத்தில் அவளுக்கு ஒரு மதிப்பு வந்திருந்தது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை.

"நான் குடிச்சது அஞ்சு மாசம். ஒங்களுக்கு நாலு மாசந்தானே. கொறச்சுத்தான் குடுக்கறேன்."

அடுத்த நாள் அவன் வரவில்லை. அவள் விறகுக் கொட்டிலுக்கே போனாள், சுடுதண்ணீரோடு நானும் பின்னால் போனேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். மாத்திரை வேண்டாம், செத்துப்போகிறேன் என்றான்.

"எந்திரிங்க. நீங்க செத்தா நான் யாருக்குச் சிரட்டையில குடுக்கறது?" என்று அவன் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "ஒங்கள சாக விட மாட்டேன். சுகமாக்கித்தான் விடுவேன். அதுக்கப்புறம் நீங்க ரொம்ப நாள் இருக்கணும். இருந்து இத நெனைக்கணும்."

அந்தக் கிழவன் அழுதுகொண்டே விழுங்கினான். உண்மையைச் சொன்னால் அவனை உயிரோடு வைத்தது அவள் பழிதான். வீட்டு ஆட்களின் பாசத்தை நம்பியிருந்தால் அந்தக் கொட்டிலிலேயே முடிந்திருப்பான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. மறுநாள் முதுகு தட்டும்போது, போதும்க்கா, விட்டுடுங்க என்றேன். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"ஒனக்கு ஏன்டி அவ்வளவு வலிக்குது?"

தொடர்ந்து தட்டினேன்.

கடைசி மாத்திரை நாள் வந்தது. சுகாதாரப் பரிசோதகர் ஒரு கடிதத்தோடு பீலியடிக்கு வந்தார். லயமே கூடி நின்றது, என் வீட்டுக்காரரும் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட என் மகளும் நின்றார்கள். அக்கா கடிதத்தை வாங்கி என்னிடம் நீட்டினாள்.

"நீ படி தங்கச்சி. ஒனக்குத்தான் படிப்பு இருக்கு."

படித்தேன். கங்காணிக்குச் சுகமாகிவிட்டது, இனி அவரால் மற்றவர்களுக்கு நோய் தொற்றாது என்று இருந்தது. கங்காணியின் மருமகள் அழத் தொடங்கினாள். அக்கா தன் சொந்தக் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி, ஒரு வாய் தான் குடித்துவிட்டு, மீதியைக் கங்காணியிடம் கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான். அவ்வளவுதான், முடிந்தது என்று எனக்கு நெஞ்சு லேசானது.

அவள் ரவிக்கைக்குள் கையை விட்டாள். பொலித்தீன் பையில் சுற்றிய பழைய கடிதம். மடிப்பில் கிழிந்து ஒட்டியிருந்தது.

"இப்ப இதையும் படி. அன்னைக்கு மாதிரி இல்ல. முழுசா."

பெயரைப் படித்தேன். சயரோகம் இல்லை என்பதைப் படித்தேன். மூன்றாவது, நான்காவது வரிகளையும் படித்தேன். ஐந்தாவது வரியை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன்.

"கேக்கல. சத்தமா."

படித்தேன். ஒரு மூச்சுதான், நான் முன்பே சொன்னேனே. கங்காணிதான் முதலில் வாயைத் திறந்தான். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"இந்த வரிய நீ அன்னைக்குப் படிக்கலயே புள்ள?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு வருசம் அவளைத் தள்ளி வைத்த முப்பது பெண்களுக்கும் அந்த ஒரு நிமிசத்தில் பாவம் கழிந்துவிட்டது. அதை முழுவதும் தூக்கி வைக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டாள். "நீ அத மட்டும் படிச்சிருந்தீன்னா நாங்க இப்புடிச் செஞ்சிருப்பமா?" என்று கேட்டாள் ஒருத்தி. அன்று பெரட்டில் சயரோகம் இல்லை என்று நான் படித்தபோது காதைப் பொத்திக்கொண்டா நின்றாள் அவள்? ஆனால் கேட்க எனக்கு என்ன வாய் இருந்தது. அவர்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். என் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிற வழியில் அக்கா வந்து என் பக்கத்தில் நின்றாள். மிகவும் அன்பாகத்தான் சொன்னாள்.

"நாளைக்குத் தட்ட வர வேணாம் தங்கச்சி. ஆள் இருக்கு."

அதற்குப் பிறகு இரண்டு வருசம், அவள் முதுகைத் தட்ட லயத்துப் பெண்கள் முறை வைத்துப் போனார்கள். கதவைத் திறந்து வைத்தே தட்டினார்கள். அவர்களுக்குச் சரியாகத் தட்டத் தெரியாது. வீட்டு வாசலில், எங்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்துகொண்டு கேட்பேன். வலப்பக்கம் அடியில் விட்டுவிட்டார்கள், இன்னும் கையைக் குவிக்க வேண்டும் என்று எனக்குக் கேட்கும்போதே தெரியும். போய்ச் சொல்ல முடியாது. அவளுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டுதான் தேங்கிய சளியோடு படுத்திருந்தாள். முதல் அடி அவள் மேல் விழுந்தால் என்ன, இரண்டாவது அடி சரியாக என் மேல் விழுகிறதே, அவளுக்கு அது போதும்.

ஒரு மழை மாசத்தில் பச்சைச் சளி நிற்காமல் காய்ச்சலாகி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நாலாம் நாள் போய்விட்டாள். சாவு வீட்டில் கங்காணிதான் தலைமாட்டில் நின்று எல்லாம் செய்தான். நான் கானுக்கு அந்தப் பக்கம் நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு தரம் கத்தியிருக்கலாம், திட்டியிருக்கலாம், அன்றைக்கே பெரட்டில் வைத்து என் கன்னத்தில் அறைந்திருக்கலாம். ஆறு வருசம் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தாளே, அதை நான் மன்னிக்க மாட்டேன்.

கடிதத்தை அவளோடு வைத்துப் புதைத்துவிட்டார்கள். எனக்கு மனப்பாடம். இந்தத் தரமும் ஒரு வரியை விடுகிறேன், அவள் பெயர் இருக்கிற முதல் வரியை. மற்றதை அப்படியே எழுதுகிறேன்.

இவருக்கு இருப்பது சயரோகம் அல்ல.

இது மூச்சுக்குழாய்கள் விரிந்து சளி தேங்கும் நோய்.

தினமும் சளியை வெளியேற்ற இவருக்கு நேரம் கொடுக்கவும்.

இது மற்றவர்களுக்குத் தொற்றாது.